கடன் வாங்கிக் கழித்தல்

படகு இன்று இருபது நிமிடம் தாமதம்.
மூடுபனிக்குள்ளிருந்து முதலில் இயந்திரச் சத்தம்,
பிறகு பெலார்மினோவின் மஞ்சள் மழைச்சட்டை,
பிறகு ஒன்று, மூன்று, எட்டுத் தலைகள்.
நடந்து வரும் மூவர் ஏற்கெனவே அடுப்பருகே.
பதினொன்று. ஒருவர்கூட விடுப்பில்லை.

சிலோயே தீவுகளில் ஜூன் மாதப் பாடம்
காலுறையில்தான் தொடங்கும்.
விறகடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்
இருபத்திரண்டு காலுறைகள் சொட்டுகின்றன.
ஈரக் கம்பளி வாடையில்
வகுப்பறை ஆட்டுப்பட்டியாகிவிடுகிறது.
வெறுங்காலோடு அமர்ந்து
ஆளுக்கொரு பென்சில் சீவுகிறோம்.

ஒரே அறை, நான்கு வகுப்பு.
மிலென் 'எம்' எழுத்துக்கு மூன்று மேடு போடுகிறாள்.
இரண்டு போதுமடி என்றால்
எங்கள் வீட்டு ஜன்னலில் மூன்று மலை தெரியும் என்கிறாள்.
நான்காம் வகுப்பென்றால் யஸ்னா ஒருத்திதான்.
வடக்கே மழையே காணாத பாலைவனம் பற்றிப் படித்துவிட்டு
பாடப்புத்தக ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: பொய்.

மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல்.
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்?
எனக்குச் சொன்னபடியே நானும் சொன்னேன்:
இரண்டிலிருந்து ஏழு போகாது,
பக்கத்து வீட்டு ஐந்திடம் ஒன்று கடன் வாங்கு,
ஐந்து நான்காகும், இரண்டு பன்னிரண்டாகும்.

"எப்போ திருப்பித் தரும்?"
எலியாசர்.
"எது?"
"அந்த ரெண்டு. வாங்கின ஒன்னை."

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
சிரித்தேன்.
அப்புறம்தான் நினைவு வந்தது
துறைமுகக் கடையில் சர்க்கரை வாங்கும்போது கண்ட
பச்சை அட்டை நோட்டு.
பெலார்மினோ நவுத்தோ என்ற பெயர்,
கீழே 'படகு இயந்திரம்',
அதற்கும் கீழே வரிசையாய் எண்கள்,
ஒன்றின் மேலும் கோடு இல்லை.
எலியாசர் அவர் மகன்.

"விடை இருபத்தைந்து" என்று பலகையைத் தட்டினேன்.
அது அவன் கேட்ட கேள்விக்கு விடை இல்லை.

இடைவேளையிலும் மழை. யாரும் வெளியே போகவில்லை.
சமையலறைக் கூடையை இழுத்து வந்து
தரையில் உருளைக்கிழங்கு அடுக்கினான்,
கறுப்பு, சிவப்பு, விரல்போல் கோணியது.
இந்தப் பக்கம் இருபத்தைந்து,
அந்தப் பக்கம் இருபத்தேழு.
போனதையும் மிச்சத்தையும் மறுபடி சேர்க்கிறான்.
சரிபார்த்தல். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.
ஐந்தும் ஏழும் பன்னிரண்டு.
இரண்டை இங்கேயே விட்டான்.
பத்தை இரு கையாலும் அணைத்துத் தள்ளிப்போய்
பத்துகளின் வீட்டில் வைத்தான்.

"டீச்சர், வந்துடுச்சு."
"என்னடா?"
"அந்த ஒன்னு. அஞ்சு வீட்டுக்கே."

பத்தொன்பது வருடமாய் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.
சேர்க்கும்போது மேலே குட்டியாய் எழுதும் ஒன்று
எங்கிருந்து போனது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

கிழங்குகள் பானைக்குப் போயின.
ஐம்பதுதான் போயின.
இரண்டுக்கு மிலென் கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டாள்.
பெயரும் வைத்தாயிற்று, தர மாட்டாளாம்.

மூன்றரைக்குப் படகு.
மரத்துறை வழுக்கும் என்று ஒவ்வொரு கையாய்ப் பிடித்து ஏற்றினேன்.
கடைசியாக ஏறிய எலியாசர் என் சட்டையை இழுத்தான்.
"பெரிய கணக்குன்னாலும் திரும்பி வருமா?
மூணு லட்சத்து நாப்பதாயிரம்னா?"

பெலார்மினோ கயிற்றைச் சுண்டினார்.
கடனில் வந்த இயந்திரம் இருமி, கனைத்து, உறுமியது.
"கணக்கில் வரும்" என்றேன்.
அவன் தலையாட்டினான்.
முதல் சொல் அவனுக்குக் கேட்டிருக்காது.

திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன்.
பலகையை அழிக்கவில்லை.
கம்பியில் ஒரு காலுறை,
குதிகாலில் வேறு நிற நூல் ஒட்டு.
இருபத்திரண்டில் இருபத்தொன்று போக.
பனிக்குள் எங்கோ
ஒரு கால் வெறும் பூட்ஸோடு போய்க்கொண்டிருக்கிறது.